ஒற்றை ஆள் வீட்டுச் சோதனை

தேசிய இணையக் கூறுகள் அதிகாரசபை என்று ஒன்று கொழும்பில் இருக்கிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே வேலைக்குப் போனவர்களும் முதலில் பயந்து, பிறகு பழகிக்கொண்டவர்கள்தான். அரசாங்கக் கந்தோர்கள் தங்கள் தங்கள் இணையப் படிவங்களில் ஒட்டிக்கொள்ளும் பெட்டிகளைச் செய்து கொடுப்பது அவர்களுடைய வேலை. பெயர் கேட்க ஒரு பெட்டி, பிறந்த திகதி கேட்க ஒரு பெட்டி. ஒருமுறை செய்துவிட்டால் தண்ணீர்க் கந்தோரும் மின்சாரக் கந்தோரும் மாவட்டக் கச்சேரியும் அதே பெட்டியை எடுத்துப் பாவிக்கலாம். முன்பெல்லாம் கந்தோருக்குக் கந்தோர் வேறு வேறு பிழை இருந்தது. இப்போது எல்லாக் கந்தோருக்கும் ஒரே பிழை என்ற ஒற்றுமை நாட்டில் உண்டாகிவிட்டது.

அந்த அதிகாரசபையின் கிழக்குப் பிராந்தியச் சோதனைக் கிளை சாய்ந்தமருதில் இருந்தது. கிளை என்றால் நதீரா. வேறு யாரும் இல்லை. அவளோடு நியமனம் பெற்ற இரண்டு பேர் கொழும்புக்கே மாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள். கட்டிட வாடகை மிச்சம் என்று, கிளையை அவளுடைய வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, "அனுமதியின்றி உட்பிரவேசிக்கத் தடை" என்று கேற்றில் ஓர் அறிவித்தல். கிளை திறப்பு விழா முடிந்த பிறகு அந்த அனுமதியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

அவளிடம் இருந்தது "குடியிருப்போர் பெட்டி". ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற பெட்டி அது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சோதனைகள் எழுதுவது அவள் வேலை. சோதனை என்றால், ஒரு புரோகிராம் தானாகவே பெட்டியைத் திறக்கும், இல்லாத ஒரு குடும்பத்தின் விபரங்களைத் தட்டி அனுப்பும், பெட்டி என்ன செய்கிறது என்று பார்க்கும். சரியென்றால் பச்சை வரி, பிழையென்றால் சிவப்பு வரி. எத்தனை விதமான குடும்பங்களை அவள் உண்டாக்கியிருந்தாள் தெரியுமா. இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீடு, மூன்று மாமிமாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற வீடு, பேரப்பிள்ளைகளின் பெயர்கள் பெட்டிக்குள் கொள்ளாத வீடு. காலையில் எல்லாரும் திரையில் வந்து குடியேறுவார்கள், சோதனை ஓட்டம் முடிந்ததும் அழிந்துபோவார்கள். மத்தியானம் அவள் தனியாக இருந்து சோறு தின்பாள்.

திங்கட்கிழமைகளில் பெரிய ஓட்டம். அதற்கென்று தலைமைக் காரியாலயத்தில் சுபநேரம் பார்த்துச் சுற்றறிக்கை வரும். பணிப்பாளர் நாயகம் இராசதுரை திரைக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றுவார். எல்லாக் கிளைகளும் காணொளியில் எழுந்து நிற்க வேண்டும். பச்சை வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும். முடிந்ததும் கைதட்டல், அதன்பின் பணிப்பாளர் நாயகத்தின் உரை. "பச்சை என்பது வெறும் நிறமல்ல, அது ஒரு மனநிலை" என்று அவர் ஒருதரம் சொன்னார். அடுத்த கிழமை அதையே ஒரு பதாகையில் அச்சடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். நதீரா அதை அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள்.

பிரச்சினை தண்ணீரில் தொடங்கியது. வீட்டுத் தண்ணீர் இணைப்பு வாப்பாவின் பெயரில் இருந்தது. வாப்பா மௌத்தாகி வருடங்கள் கடந்துவிட்டன, உம்மா அதற்கும் முன்பே போய்விட்டா. கூடப்பிறந்த ஒரே காக்கா ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்கு, அக்கரைப்பற்றுக்குப் போனவர். பெருநாளைக்கு வருவார், வந்தால் போகிற அவசரத்தில் வருவார். இணைப்பை உடனே உயிரோடு இருப்பவர் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மாத முடிவில் துண்டிக்கப்படும் என்று தண்ணீர்க் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. இணையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். நதீரா படிவத்தைத் திறந்தாள். அதில் அவளுடைய பெட்டியே உட்கார்ந்திருந்தது.

வீட்டில் எத்தனை பேர் என்று பெட்டி கேட்டது. ஒன்று என்று தட்டினாள். பெட்டி ஓரமெல்லாம் சிவந்து, "தயவுசெய்து சரியான எண்ணிக்கையை உள்ளிடவும்" என்றது.

திரும்பவும் ஒன்று என்று தட்டினாள். திரும்பவும் அதையே சொன்னது. எத்தனையோ குடும்பங்களை உண்டாக்கி அந்தப் பெட்டியைச் சோதித்தவள், தன்னைப்போல் ஒரு வீட்டை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. மனிசனுக்குத் தன் ஞாபகம் கடைசியாகத்தான் வருகிறது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. உடனே இருந்து ஒரு சோதனை எழுதினாள். அதற்கு "ஒருவர் மட்டும் வசிக்கும் வீடு" என்று பெயர் வைத்தாள்.

வந்த திங்கட்கிழமை, குத்துவிளக்கு எரிய, எல்லாரும் எழுந்து நிற்க, பச்சை வரிகளுக்கு நடுவே ஒரு சிவப்பு வரி விழுந்தது. யாரோ ஒரு கிளையில் "ஐயோ" என்றார்கள்.

"மிஸ் நதீரா, இந்தச் சிவப்பு என்ன?" என்று பணிப்பாளர் நாயகம் கேட்டார்.

"ஒருவர் மட்டும் வசிக்கிற வீடு, சேர். பெட்டி ஏற்றுக்கொள்ளுதில்ல."

"அப்படி ஒரு வீடு நடைமுறையில் இருக்கிறதா?"

"என்ர வீடு, சேர்."

அது எப்படி ஒரு கல்யாணமாகாத பெண்ணுக்கு வீடு வந்தது என்று அவர் விசாரித்தார். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் கட்டுவார்கள், மாப்பிள்ளை பிறகு வந்து குடியேறுவார் என்று அவள் விளங்கப்படுத்தினாள். வாப்பா வீட்டைக் கட்டி முடித்தார், மாப்பிள்ளை பார்த்து முடிக்கவில்லை, அவ்வளவுதான். பணிப்பாளர் நாயகம் யோசித்தார். அப்படியென்றால் அது இன்னும் பூர்த்தியாகாத வீடு, பூர்த்தியாகாத வீட்டுக்கு எப்படித் தண்ணீர் கேட்கலாம் என்றார். சபையில் பல தலைகள் அசைந்தன.

பிறகு உரை ஆற்றினார். "குடும்பம் என்பது சமூகத்தின் அலகு. தனியாள் என்பவர் அந்த அலகின் ஒரு பகுதி. பகுதியை முழுமையாக ஏற்றுக்கொள்ள எமது சட்டகத்தில் இடமில்லை. நான் தனியாக வாழ்பவர்களுக்கு எதிரானவன் அல்ல. எனது சொந்தத் தங்கையே வவுனியாவில் தனியாகத்தான் இருக்கிறார். ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் நான் அவருக்கு ஒரு வாழ்த்து அனுப்பத் தவறுவதில்லை. அவர் பதில் போடாமல் விட்டது அவருடைய சுதந்திரம்."

தனியாள் பிரச்சினையை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. ஒரு ஆளைப் பற்றி ஆராய எத்தனையோ ஆட்கள். நதீரா ஏன் தனியாக இருக்கிறாள் என்று எழுத்தில் கேட்டார்கள். சோதனையைக் கைவிடச் சம்மதமா என்றும் கேட்டார்கள். மாட்டேன் என்றாள். சிவப்பை இளஞ்சிவப்பாக்கலாமா என்று ஓர் உபகுழு இருந்து பேசியது. கடைசியில் பணிப்பாளர் நாயகமே வழி கண்டுபிடித்தார். நீங்கள் சோதனைகளில் இல்லாத ஒன்றுக்குப் பதிலாக ஒரு பொம்மையை வைப்பீர்கள் அல்லவா, அதேபோல வீட்டிலும் ஒரு பதிலாளை வையுங்கள், பெட்டிக்கும் நிம்மதி உங்களுக்கும் நிம்மதி என்றார்.

மாதம் முடிய வந்துவிட்டது. குழாயில் தண்ணீர் நின்றால் கிணற்று உப்புத் தண்ணீரில் தேத்தண்ணி வைக்க முடியாது. அவள் படிவத்தைத் திறந்து இரண்டாவது ஆளுக்குக் காலிதீன் என்று பெயர் கொடுத்தாள். பெயரின் முதற்பாதி பொருத்தமாக இருந்தது. உறவுமுறை என்ற இடத்தில் கணவன், பெற்றோர், பிள்ளை, ஏனையோர் என்று இருந்தது. கணவன் என்று போட அவளுக்குக் கை வரவில்லை. ஏனையோர் என்று போட்டாள். பெட்டி பச்சையானது, தண்ணீர் நிலைத்தது.

ஒரே பெட்டியை எல்லாரும் பாவிப்பதன் பெருமையை அதற்குப் பிறகுதான் அவள் கண்டாள். காலிதீன் ஒரு கந்தோரில் இருக்கவில்லை, எல்லாக் கந்தோர்களுக்கும் போய்விட்டார். அவருக்குக் கண் பரிசோதனை முகாமுக்கு அழைப்பு வந்தது. நெல்லுக்கு உரமானியம் வேண்டுமா என்று கமநலக் கந்தோர் கேட்டது. பிறந்தநாள் வாழ்த்து ஒன்றும் வந்தது. அவளுடைய பிறந்தநாளுக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. வெளியே போய்த் திரும்பும்போது வெறும் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி நுழைவது அவள் வழக்கம். இப்போது ஸலாம் சொல்லும்போது ஒரு கணம் காலிதீனின் ஞாபகம் வந்தது. சீ, இதென்ன விசர் என்று தன்னையே ஏசிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

பள்ளிவாசலின் சந்தாப் பட்டியலுக்கும் யாரோ இலவசமாக அதே பெட்டியை ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் செயலாளர் முகம்மது தம்பி வந்து, கேற்றுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, குறை நினைக்கப்படா. காலிதீன் எண்டு ஒரு ஆம்புள இந்த வீட்டில இரிக்கிறதாப் பதிவு வந்திரிக்கி."

"அது சோதனைக்கு வெச்ச ஆள், காக்கா."

அவர் நிலத்தைப் பார்த்தார். "சோதனை எல்லாருக்கும் வாறதுதான். அல்லாஹ் லேசாக்கி வைப்பான், பொறுமையா இரிக்கணும். அதுக்காக ஆள் வெக்கிறதா, தங்கச்சி?"

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு வந்து எல்லாவற்றையும் காட்டி விளங்கப்படுத்தினாள். பச்சை வரி, சிவப்பு வரி, பதிலாள் எல்லாம் பார்த்துவிட்டு, முகம்மது தம்பி வாசலில் ஆம்பிளைச் செருப்பு ஏதும் கிடக்கிறதா என்று ஒருதரம் பார்த்தார். கிடக்கவில்லை. அவருக்குப் பாதி விளங்கியது, மீதியை நம்பினார். நல்ல மனிசன். இல்லாத ஆள் என்றால் எடுத்துப் போட்டுவிடுங்கள், ஊர் கதைக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்துப் போடுவதற்குப் பெட்டி காரணம் கேட்டது. மூன்று காரணங்கள்தான் இருந்தன. வெளிநாடு என்றால் கடவுச்சீட்டு இலக்கம் வேண்டும். மணவிலக்கு என்றால் காழி நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். மரணம் என்றால் ஒன்றும் வேண்டாம், திகதி போட்டால் போதும். ஒரு ஆள் இருந்ததே இல்லை என்ற காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. நதீரா லுஹர் தொழுதுவிட்டு வந்து இருந்து காலிதீனை மரணிக்கச் செய்தாள். பெட்டி அவரை எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவர் என்று காட்டி, பச்சையாகவே இருந்தது. தனியாக இருப்பதை அது தடுக்கவில்லை. யாராவது செத்துத் தனியாக வேண்டும் என்பதே அதன் சட்டம். அவள் எழுந்து குளிக்கப் போனாள்.

அந்த மாதம்தான் அதிகாரசபை "அனுதாப இணைப்பு" என்ற புதுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் சுற்றுவட்டத்தில் இருந்த எல்லாத் தொலைபேசிகளுக்கும் அவளுடைய வீட்டு முகவரியோடு ஒரு செய்தி போனது. "இவ்வில்லத்தில் வசித்த ஒருவர் காலமானார். தனியுரிமைக் கொள்கைக்கமைய பெயர் வெளியிடப்படவில்லை. எமது ஆழ்ந்த அனுதாபங்கள். இச்சேவை உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?"

அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள் என்பது ஒழுங்கைத் தெரு முழுக்கத் தெரியும். பெயர் எதற்கு?

அவள் தலையில் துவாயோடு வெளியே வந்தபோது கேற்றடியில் சனம். முன்னால் அடுத்த வீட்டு பரீனா ராத்தா, முந்தானை நிலத்தில் இழுபட அழுதுகொண்டு வந்தாள். பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். பள்ளிவாசலிலிருந்து, மௌத்தானவர்களைக் கொண்டுபோகிற சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஒழுங்கை முனையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கபுறுக் குழி வெட்டவும் ஆள் போயாகிவிட்டது. நதீரா கேற்றைத் திறந்தாள்.

பரீனா அவளுடைய தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு கட்டிப் பிடித்தாள்.

"உசிரோட இரிக்கிறவள் ஏன் புள்ள மௌத்துச் செய்தி அனுப்புற?"

ஆண்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சந்தூக்கைத் திருப்பினார்கள். பெண்கள் திரும்பவில்லை. வந்தது வந்தாயிற்று என்று பாயை விரித்து இருந்தார்கள். பரீனா குசினிக்குள் போய்ப் பிளேன்டீ ஊற்றினாள். யார் யார் வருகிற வழியில் என்ன சொல்லி அழுதார்கள் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிச் சிரித்தார்கள். அவளுடைய உம்மாவைப் போலவே சத்தம் போடாத புள்ள என்று ஒருத்தி சொன்னாளாம். இன்னொருத்திக்கு அரைவாசி வழியில் மூச்சு முட்டியதாம். நதீரா நடுவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். செத்துப்போனதற்கு இவ்வளவு பேர் ஓடி வந்தார்கள் என்பதில் அவளுக்கு உண்டான சந்தோஷத்தை அவளாலேயே தாங்க முடியவில்லை. அழுதாள். ஏன் ராத்தா, ஒருநாளும் இப்படி வரவில்லையே என்று வாய்விட்டுக் கேட்டும் விட்டாள்.

"நீ கந்தோர் எண்டு கதவச் சாத்திக்கிட்டு இரிக்கிறாய்" என்றாள் பரீனா. "காலையில எட்டிப் பாத்தா ஓட்டம் எண்டுற, பின்னேரம் பாத்தா கூட்டம் எண்டுற. சோலி இல்லாமக் கந்தோருக்கு ஆர் புள்ள வாற?"

மஃரிப் தொழுகைக்கு எல்லாரும் போய்விட்டார்கள். கோப்பைகளைக் கழுவ அவளுக்கு நெடுநேரம் எடுத்தது.

திங்கட்கிழமை ஓட்டத்தில், நதீராவின் வீட்டுப் பதிவை எடுத்து ஓடிய ஒற்றை ஆள் சோதனையும் சேர்ந்து, எல்லா வரியும் பச்சை. பணிப்பாளர் நாயகம் கண் கலங்கினார். "கிழக்குக் கிளையின் தனிமைப் பிரச்சினை ஒரே ஒரு மரணத்தால் தீர்க்கப்பட்டுவிட்டது. அந்த மரணம் ஏற்பட்டிருக்காவிட்டால் நாம் இன்னும் கூடிப் பேசிக்கொண்டுதான் இருந்திருப்போம். காலிதீன் அவர்களுக்கு அதிகாரசபை கடமைப்பட்டுள்ளது" என்றார். ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. ஏற்கெனவே எழுந்து நின்றதால் பிரயாசை இருக்கவில்லை.

அதோடு விட்டார்களா. வெற்றி கண்ட முறையைத் தினமும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். ஒவ்வொரு காலையும் சோதனை காலிதீனை அவளுடைய வீட்டில் குடியேற்ற வேண்டும், மரணிக்கச் செய்ய வேண்டும், பெட்டி ஒருவரை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர், செய்தி உண்மையாகவே ஊருக்குப் போகுதே என்று நதீரா சொன்னாள். சோதனை வேறு உண்மை வேறு என்று வைத்தால் பொதுமக்களுக்கு நம் மீது என்ன நம்பிக்கை இருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஓட்டத்தை நிறுத்துவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என்று எழுத்தில் வந்தது. அவளுக்கு அந்தச் சம்பளத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஓட்டினாள்.

அடுத்த காலை செய்தி போனதும் சந்தூக்கு ஒழுங்கை முனை வரை வந்து, யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பெண்களில் சிலர் வந்தார்கள், தேத்தண்ணி குடிக்கவில்லை. பிறகு பரீனா மட்டும் மதிலுக்கு மேலால் "புள்ள?" என்று கேட்டாள், இவள் "ஓம் ராத்தா, இரிக்கிறன்" என்றாள். அதுவும் நின்றது. முகம்மது தம்பி வந்து, கோபிக்க வேண்டாம் தங்கச்சி, பள்ளிவாசல் தொலைபேசியில் அந்தச் செய்தியின் சத்தத்தை நிறுத்திவிட்டோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். காலையில் செய்தி வந்தால் ஒழுங்கையில் மீன்காரரின் நடைகூட நிற்பதில்லை. அவள் செத்துப்போவது ஊருக்குப் பழகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. ஒருநாள் மெய்யாகவே அது நடந்தால் யார் வருவது? அறைக்குள் கிடந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரியவரும்? கூட்டத்தில் கையை உயர்த்திக் கேட்டாள்.

"சேர், நான் உண்மையா மௌத்தானா ஊருக்கு எப்படித் தெரியவரும்?"

பணிப்பாளர் நாயகம் கொஞ்சமும் தடுமாறவில்லை. "மிகவும் எளிது. நீங்கள் இறந்தால் சோதனையை ஓட்ட ஆள் இல்லை. ஓட்டாவிட்டால் மரணச் செய்தி போகாது. செய்தி போகாத நாளில் நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று பொதுமக்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இதைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிடுவோம்."

துண்டுப்பிரசுரம் வரவில்லை. நதீரா இதை மதிலுக்கு மேலால் பரீனாவிடம் பகிடியாகச் சொன்னாள். பரீனா சிரிக்கவில்லை, உடுப்பைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழை தொடங்கிய கிழமை ஊரெல்லாம் காய்ச்சல் பரவியது. ஒரு காலை அவளுக்கு மூட்டெல்லாம் கழன்றதுபோல் இருந்தது, கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. மேசை வரைக்கும் போக வேண்டும், ஓட்டத்தைத் தொடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண் செருகிப்போனாள். குடிக்கத் தண்ணீர் எடுத்துத் தரவும் ஆள் இல்லை. இப்படியே போனாலும் நாடு முழுக்க வரிகள் பச்சையாகத்தான் இருக்கும் என்று நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

கேற்று திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்கதவு. பரீனா மழையில் நனைந்த தலையோடு அறை வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"இண்டைக்கு நீ மௌத்தான செய்தி வரல்ல" என்றாள். "அதான் புள்ள, ஓடி வந்த."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இந்தக் காய்ச்சலோடு ஆளைக் கூப்பிடாமல் கிடந்திருக்கிறாயே என்று ஏசினாள். கஞ்சி வைக்கிறேன் என்று குசினிக்குள் போனாள், அங்கே சட்டிகள் உருளத் தொடங்கின.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. பணிப்பாளர் நாயகம்.

"மிஸ் நதீரா, இன்று உங்கள் வீட்டில் மரணம் பதிவாகவில்லையே. காரணம் என்ன?"

"காய்ச்சல், சேர். ஓட்டல்ல."

குசினியிலிருந்து பரீனா சத்தம் போட்டாள். "புள்ள, உப்புப் போத்தல் எங்க கிடக்கு?"

"அது யார்?" என்று பணிப்பாளர் நாயகம் கேட்டார்.

"ஆள் வந்திரிக்கி, சேர்."

"அப்படியானால் தற்போது வீட்டில் இருவர். உடனடியாகப் பதிவு செய்யுங்கள். உறவுமுறை, உள்நுழைந்த நேரம், வெளியேறும் நேரம் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு வரும்."

"வரட்டும், சேர்" என்றாள் நதீரா. பிறகு தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, "மேல் தட்டில, ராத்தா" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.